முதல் நாவலைப் புத்தகமாக்க எந்த வழி: பதிப்பகமா, சொந்தப் பதிப்பா, மின்னூலா?

எழுதத் தொடங்கிப் பாதியில் விட்ட நாவல்களைவிட, எழுதி முடித்தும் புத்தகமாகாத நாவல்களைப் பார்க்கும்போதுதான் மனசு கஷ்டப்படுகிறது. கதை முழுசாக இருக்கிறது, நண்பர்கள் இரண்டு பேர் படித்துப் பாராட்டியும் விட்டார்கள், ஆனால் கோப்பு மூன்று வருடமாகக் கணினியிலேயே கிடக்கிறது. கைப்பிரதிக்கும் புத்தகத்துக்கும் நடுவே எட்டு வேலை இருக்கிறது: எடிட்டிங், மெய்ப்பு (எழுத்துப் பிழை திருத்துவது), பக்க வடிவமைப்பு, அட்டை, ஐ.எஸ்.பி.என். (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்), அச்சு, விற்பனை, கணக்கு. இதில் எந்த வேலையை யார் செய்வது, விற்காத பிரதிகள் யார் வீட்டில் இருப்பது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டால் எந்த வழியில் போவது என்பது ஏறக்குறைய முடிவாகிவிடும். பணக் கணக்கு அதற்கு அப்புறம்தான்.

பேச்சுக்கு ஒரு நாவலை எடுத்துக்கொள்வோம். 46,000 சொல். டெமி அளவில் (ஐந்தரைக்கு எட்டரை அங்குலம்), 11 புள்ளி எழுத்தில், பக்கத்துக்கு 30 வரி வைத்தால் ஒரு பக்கத்தில் சுமார் 230 சொல் அடங்கும். கதை 200 பக்கம், முன்பக்கங்கள் 8, மொத்தம் 208. அச்சகத்தில் 16 பக்கம் ஒரு பாரம் என்பது கணக்கு. 208 பக்கம் சரியாக 13 பாரம். இதே நாவல் 211 பக்கத்துக்குப் போனால் மிச்சம் மூன்று பக்கத்துக்காக இன்னொரு அரை பாரமோ முழு பாரமோ ஓட்ட வேண்டும். அதனால் வடிவமைப்பின் கடைசிக் கட்டத்தில் அத்தியாயத் தொடக்கங்களில் விட்ட வெற்றிடத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பாரத்துக்குள் அடக்குவது வழக்கம். விலை 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

பதிப்பகம்

எட்டு வேலையையும் அவர்களே செய்வார்கள், பணமும் அவர்களுடையது. உங்களுக்கு விலையில் 10 சதவீதம் ராயல்டி என்பது பரவலான வழக்கம். 250 ரூபாய் புத்தகத்துக்கு 25 ரூபாய். 500 பிரதி விற்றால் 12,500. ஆசிரியர் பிரதியாக 10 முதல் 25 வரை கொடுப்பார்கள். அதற்கு மேல் வேண்டுமானால் கழிவு விலையில் வாங்கிக்கொள்ளலாம்.

இந்த வழியில் நீங்கள் செலவிடுவது காலத்தை. நல்ல பதிப்பகங்களுக்குக் கைப்பிரதிகள் குவிந்துகொண்டே இருக்கும். படித்துப் பதில் சொல்ல ஆறு மாதம், ஏற்றுக்கொண்ட பிறகு அச்சுக்கு வர இன்னொரு வருடம் என்பது சாதாரணம். அனுப்பும் பருவம் முக்கியம். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை எல்லாப் பதிப்பகங்களும் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கான நூல்களில் மூழ்கியிருக்கும். அப்போது போகும் கைப்பிரதியைத் திறந்து பார்க்க ஆளிருக்காது. பிப்ரவரி முதல் மே வரை அனுப்புங்கள். முழுக் கைப்பிரதியை யூனிகோடில் வேர்டு கோப்பாகவும் பி.டி.எஃப். ஆகவும், கூடவே முடிவையும் சொல்லிவிடுகிற ஒரு பக்கக் கதைச் சுருக்கத்தையும் அனுப்புங்கள். அதற்கு முன் அந்தப் பதிப்பகம் கடைசியாகக் கொண்டுவந்த நாவல்களில் ஐந்தையாவது புரட்டிப் பாருங்கள். வரலாற்று நாவலே போடாத இடத்துக்குச் சோழர் காலக் கதையை அனுப்பி ஆறு மாதம் காத்திருப்பதில் என்ன பயன்?

ஏற்றுக்கொண்டதும் சந்தோஷத்தில் ஒப்பந்தமே இல்லாமல் கோப்பைக் கொடுத்துவிடுகிறவர்கள் நிறைய. 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாதவரை, அது காலாவதியாகிவிடும். ஆகவே ஒப்பந்தம் வந்ததும் "அனைத்து உரிமைகளும்" என்ற சொல் எங்கேயாவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஐந்தும் தனித்தனி உரிமைகள். அச்சுக்கு மூன்று முதல் ஐந்து வருடம் கொடுப்பது நியாயம். திரைப்பட உரிமையைப் புத்தகம் போடுகிறவருக்குக் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை, எந்த மாதத்தில், எத்தனை பிரதி அச்சாகி எத்தனை விற்றது என்ற கணக்கோடு ராயல்டி வரும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

பணம் கட்டிப் பதிப்பித்தல்

"உங்கள் நூலை நாங்கள் வெளியிடுகிறோம், 40,000 ரூபாய் கட்டுங்கள்" என்று கேட்கும் இடங்கள். எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல முடியாது. வேலையைச் சுத்தமாகச் செய்து கொடுத்து, உரிமையில் கை வைக்காமல் ஒதுங்கிக்கொள்கிறவர்களும் உண்டு. ஆனால் பணத்தையும் வாங்கிக்கொண்டு உரிமையையும் எழுதி வாங்குகிற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவே வேண்டாம். பணம் போட்டது நீங்கள் என்றால் பதிப்பாளர் நீங்கள்தான். அவர்கள் செய்வது கூலி வேலை.

இங்கே வழக்கமாக நடக்கும் கோளாறு மூன்று. 500 பிரதிக்குப் பணம் வாங்கிக்கொண்டு, டிஜிட்டலில் 50 மட்டும் அடித்து, மிச்சத்தைக் கேட்கும்போது அடித்துத் தருவது முதலாவது. அதைத் தவிர்க்க, பிரதி அனைத்தையும் ஒரே தடவையில் எடுத்துக்கொள்வதாகவோ, அச்சக பில்லின் நகல் வேண்டுமென்றோ முன்பே சொல்லிவிடுங்கள். அடுத்தது, வடிவமைத்த மூலக் கோப்பைக் கொடுக்க மறுப்பது. அச்சு பி.டி.எஃப்., அட்டையின் திருத்தக்கூடிய கோப்பு, பக்க வடிவமைப்புக் கோப்பு மூன்றும் உங்களுக்குச் சேர வேண்டும் என்று முதல் தவணைக்கு முன்பே எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் பதிப்புக்கு மறுபடி அவர்களிடமே போக வேண்டும். மூன்றாவது, மெய்ப்புப் பார்த்ததாகச் சொல்லிப் பார்க்காமலே விடுவது. மாதிரிக்கு 10 பக்கம் திருத்தித் தரச் சொல்லிப் பாருங்கள், அதிலேயே தெரிந்துவிடும்.

சொந்தப் பதிப்பு: ஆஃப்செட்டா, டிஜிட்டலா

இங்கேதான் நிறையப் பேர் தவறான முடிவெடுத்துப் பணத்தை முடக்குகிறார்கள்; அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஆஃப்செட் அச்சில் பிளேட் (அச்சுத் தகடு) போடுவது, மெஷினைத் தயார் செய்வது என்று முதல் தாள் வெளியே வருவதற்கு முன்பே பெரிய செலவு ஆகிவிடும். 300 பிரதிக்கும் 1,000 பிரதிக்கும் அந்தச் செலவு ஒன்றுதான். பிரதி கூடக்கூட ஒரு பிரதியின் அடக்க விலை குறையும். பி.ஓ.டி. என்று சொல்லப்படும் தேவைக்கேற்ற டிஜிட்டல் அச்சில் பிளேட் கிடையாது. ஒன்று அடித்தாலும் ஐம்பது அடித்தாலும் ஒரு பிரதிக்கு ஏறக்குறைய ஒரே விலை. பக்கத்துக்கு இத்தனை பைசா, அட்டைக்கும் பைண்டிங்குக்கும் இத்தனை ரூபாய் என்று கூட்டிச் சொல்வார்கள்.

அச்சகத்துக்கு அச்சகம், தாள் விலைக்குத் தக்கபடி இது மாறும். கணக்குப் போடும் முறைக்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டு. நமது 208 பக்க நாவலுக்கு, 70 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) நேச்சுரல் ஷேடு மேப்லித்தோ தாள், 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் போர்டு அட்டை, மேட் லேமினேஷன், பசை போட்டு ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங் என்று கேட்டு விலை வாங்குகிறீர்கள். ஆஃப்செட்டில் 500 பிரதிக்கு மொத்தம் 40,000 என்கிறார்கள், அதாவது பிரதி 80 ரூபாய். டிஜிட்டலில் பிரதி 125 ரூபாய். 80 எங்கே, 125 எங்கே என்று பார்த்ததும் ஆஃப்செட் பக்கம் கை போய்விடும். அங்கேதான் நிற்க வேண்டும். நீங்கள் ஒப்பிட வேண்டியது ஒரு பிரதியின் விலையை இல்லை. விற்கப்போகும் பிரதிகளின் எண்ணிக்கையை.

அதற்கு ஒரு சுருக்கமான வகுத்தல் போதும். ஆஃப்செட்டின் மொத்த பில்லை டிஜிட்டலின் ஒரு பிரதி விலையால் வகுங்கள். 40,000 வகுத்தல் 125, விடை 320. அந்த 500இல் 320க்கு மேல் விற்றால்தான் ஆஃப்செட் லாபம். அதற்குக் குறைந்தால் டிஜிட்டல்தான் மலிவு. நீங்கள் புத்தகத்துக்கு என்ன விலை வைத்தாலும், கடைக்கு என்ன கழிவு கொடுத்தாலும் இந்த 320 மாறாது. இதில் வரவு பக்கமே வரவில்லை, அச்சுச் செலவு மட்டும்தான் இருக்கிறது.

இப்போது வரவைப் பாருங்கள். கடைக்கு 35 சதவீதம் கழிவு போனால் 250 ரூபாய் புத்தகத்துக்கு உங்கள் கைக்கு 162.50 வரும். நேரடியாக 10 சதவீதக் கழிவில் விற்றால் 225. டிஜிட்டல் பிரதியைக் கடை வழியாக விற்றால் மிஞ்சுவது 37.50, நேரடியாக விற்றால் 100. ஆஃப்செட் பிரதிக்கு முறையே 82.50, 145. ஆனால் 500 அடித்து 150தான் விற்றது என்றால், கடை விலையில் வரவு 24,375; நஷ்டம் 15,625. அதோடு 350 புத்தகம் கட்டிலுக்கடியில். அதே 150 பிரதியை ஐம்பது ஐம்பதாக டிஜிட்டலில் அடித்திருந்தால் 5,625 ரூபாய் மிஞ்சியிருக்கும், இடமும் அடைபடாது.

அச்சுக்கு முந்திய செலவு இரண்டு வழியிலும் உண்டு. பக்கத்துக்கு 30 ரூபாய் வீதம் வடிவமைப்பு 6,240, 20 ரூபாய் வீதம் மெய்ப்பு 4,160, அட்டைக்கு 4,000 என்று வைத்தால் மொத்தம் 14,400. டிஜிட்டல் பிரதியை நேரடியாக விற்றால் 144ஆவது பிரதியில் இந்தப் பணம் திரும்பும். கடை வழியாக மட்டும் விற்றால் 384 பிரதி ஆகும். டிஜிட்டல் அச்சும் கடை விற்பனையும் சேர்ந்தால் கட்டுப்படியாகாது என்பது இதிலிருந்து தெரிகிறது. டிஜிட்டலில் போகிறவர் நேரடி விற்பனைக்குத் தயாராக இருக்க வேண்டும்: ஃபேஸ்புக்கில் அறிவிப்பு, வாட்ஸாப்பில் முகவரி, யு.பி.ஐ.யில் பணம், தபாலில் புத்தகம்.

எத்தனை விற்கும் என்று எப்படித் தெரியும்? வாங்கக்கூடியவர்களின் பெயர்களை ஒரு நோட்டில் வரிசையாக எழுதுங்கள். சொந்தக்காரர், உடன் வேலை பார்ப்பவர், உங்கள் கதைகளுக்கு முன்பே கருத்துச் சொன்னவர்கள், எல்லாரையும். அதில் பாதியை மட்டும் கணக்கில் எடுங்கள். இன்னும் உறுதியான வழி முன்வெளியீட்டுத் திட்டம். 250 ரூபாய் நூலைத் தபால் செலவு உட்பட 220க்குத் தருவதாக மூன்று வாரம் அறிவித்து, பணம் கட்டியவர்களை மட்டும் எண்ணுங்கள். "கண்டிப்பா வாங்கறேன்" என்று பின்னூட்டம் போட்டவர்களை எண்ண வேண்டாம். 70 பேர் கட்டினால் 100 பிரதி டிஜிட்டல். 250 பேருக்கு மேல் கட்டினால் தைரியமாக ஆஃப்செட்டுக்குப் போகலாம். நூலக ஆணை (அரசு நூலகங்களுக்கு மொத்தமாக வாங்கும் ஆர்டர்) வரும் என்று நம்பி மட்டும் பிரதி எண்ணிக்கையை உயர்த்தாதீர்கள். அது எப்போது வரும், எத்தனை வரும், பணம் எப்போது வரும் என்ற மூன்றும் உங்கள் கையில் இல்லை.

விலை கேட்கும்போது வரி சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அச்சுப் புத்தகத்தின் விற்பனைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அச்சகத்தின் கூலிக்கு உண்டு. தபாலையும் முன்பே கணக்கிடுங்கள். 208 பக்க டெமி நூல் 70 ஜி.எஸ்.எம். தாளில் சுமார் 240 கிராம். உறையோடு 300க்குள் நிற்கும். 80 ஜி.எஸ்.எம். தாள் போட்டால் 270 தாண்டி, உறையோடு 300ஐத் தொட்டுவிடும். தபால் கட்டணம் எடைப்படி என்பதால் தாள் தேர்வு தபால் செலவையும் தீர்மானிக்கிறது.

கவிதைத் தொகுப்புக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். 96 பக்கம், 100 பிரதி, டிஜிட்டல், அவ்வளவுதான். 80 பக்கத்துக்குக் குறைந்தால் முதுகில் தலைப்பு அச்சிட இடம் போதாது. அலமாரியில் நிற்கும்போது புத்தகத்தை அடையாளமே தெரியாது. சிறுவர் படநூலுக்கு நேர் எதிர். பக்கமெல்லாம் வண்ணம் என்பதால் டிஜிட்டலில் அடக்க விலை எகிறிவிடும். அதற்குப் பதிப்பகம், இல்லாவிட்டால் ஆஃப்செட்.

மின்னூல்

அச்சுச் செலவே இல்லாத வழி. அமேசானின் கிண்டிலில் தமிழ் நூல்களை கே.டி.பி. தளம் வழியாக நாமே ஏற்றலாம். ஐ.எஸ்.பி.என். கட்டாயம் இல்லை. பான் எண், வங்கிக் கணக்கு, வரி விவரம் இவற்றைக் கொடுக்க வேண்டும். ராயல்டி 35, 70 சதவீதம் என இரண்டு வகை. இந்திய வாசகர்களுக்கு விற்பதில் 70 வேண்டுமானால் கே.டி.பி. செலக்ட் என்ற 90 நாள் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் அந்த 90 நாளும் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. அச்சுப் பிரதியை விற்பதற்குத் தடை இல்லை. 90 நாள் முடிந்ததும் அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்; வேண்டாமென்றால் நீங்கள்தான் குறியை எடுக்க வேண்டும். செலக்டில் இருக்கும் நூல் கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரர்களுக்கும் போகும். படித்த பக்கத்துக்கு ஏற்பப் பணம் வரும். விறுவிறுப்பாகப் பக்கம் புரட்ட வைக்கிற துப்பறியும் கதை, குடும்ப நாவல், காதல் கதைகளுக்கு இது பொருந்தும்.

பிரதிலிபி போன்ற தளத்தில் தொடராகப் போடுவதும் ஒரு வழிதான். வாரம் ஓர் அத்தியாயம் என்று வாசகர்களிடம் சொல்லிவிட்டால் எழுதி முடிக்கவே அது உதவும். ஆனால் அங்கே முழு நாவலையும் வைத்துக்கொண்டு கே.டி.பி. செலக்டில் சேர்த்தால் விதிமீறல் என்று நூலை எடுத்துவிடுவார்கள். எங்கேயும் வெளிவராத படைப்பு மட்டும் வேண்டும் என்று கேட்கும் போட்டிகளும் பதிப்பகங்களும் உண்டு. அதையும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். பணமே வேண்டாம், பரவலாகப் படிக்கப்பட்டால் போதும் என்பவர்களுக்கு ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் நூல்களை இலவசமாக வெளியிடுகிறது.

மின்னூலில் பொதுவாகக் கெடுவது அமைப்பு. அத்தியாயத் தலைப்பை எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கி வைத்தால் பொருளடக்கம் உருவாகாது. வேர்டில் ஹெடிங் ஸ்டைல் கொடுத்தால்தான் உருவாகும். பத்தியின் தொடக்கத்துக்கு ஸ்பேஸ் பட்டனைத் தட்டி இடம் விட்டால் செல்பேசியில் கோணல்மாணலாகத் தெரியும். கவிதை வரிகள் சின்னத் திரையில் மடிந்து உடைவதால் கவிதைக்கு மின்னூல் இரண்டாம்பட்சம்தான்.

எந்த வழியானாலும் கோப்பு சுத்தமாக வேண்டும்

நல்ல நாவலும் இதில்தான் அவமானப்படுகிறது. எழுத்துப் பிழையோடு வந்த புத்தகத்தின் முதல் பத்துப் பக்கத்தைத் தாண்டி வாசகர் கதைக்குள் போவதில்லை.

பழைய பாமினி, செந்தமிழ், வானவில் எழுத்துருக்களில் இருக்கும் பகுதிகளை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு அதற்குப் பிறகு மெய்ப்புப் பாருங்கள். மெய்ப்பு முடிந்த பிறகு மாற்றினால் மேற்கோள் குறிகளும் சில கூட்டெழுத்துகளும் சிதைந்து, பார்த்த மெய்ப்பு வீணாகும். அடுத்து, கண்ணுக்குத் தெரியாத பிழைகளைத் தேடல் வசதியில் பிடிக்க வேண்டும். செல்பேசியில் தட்டும்போது 'எ' என்ற எழுத்துக்குப் பதில் ஏழு என்ற தமிழ் எண்ணான '௭' விழுந்திருக்கும். 'அ'வுக்குப் பதில் எட்டு என்ற '௮'. திரையில் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும், எழுத்துருவை மாற்றியதும் தனியாகத் துருத்தும். '௭', '௮' இரண்டையும் தேடி மாற்றுங்கள். 'ஔவை' என்பது 'ஒ', 'ள' என இரண்டு எழுத்தாக அடிக்கப்பட்டிருக்கலாம். ஆனால் 'ஒள' என்று தேடி மொத்தமாக மாற்றிவிடக் கூடாது. 'ஒளி', 'ஒளிந்தான்' எல்லாம் கெட்டுப்போகும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். துணைக்கால் வர வேண்டிய இடத்தில் 'ர' அடித்திருப்பதும் இதே வகை. இரட்டை இடைவெளிகளை ஒற்றையாக்குவது ஒரே நிமிட வேலை.

ஒற்றுப்பிழையைக் கணினியை நம்பி விடாதீர்கள். ஏ4 தாளில் அச்சடித்து, பேனாவோடு, வாய்விட்டுப் படித்துத் திருத்த வேண்டும். எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது, அதனால் இன்னொருவர் பார்த்தே ஆக வேண்டும். காசு குறைவாக இருந்தால் அட்டைச் செலவைக் குறைத்து மெய்ப்புக்குக் கொடுங்கள் என்பதே எங்கள் யோசனை.

இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைத்தால் பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் 'கெ', 'கொ', 'கோ' போன்றவற்றில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழில் நீண்ட சொற்கள் அதிகம் என்பதால் இருபுறமும் சமப்படுத்திய பத்தியில் சொல்லுக்கு நடுவே பள்ளம் பள்ளமாக இடைவெளி விழும். சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவதுதான் வழி. ஆனால் எந்த வரியும் புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது. 'பார்' என்று ஒரு வரி முடிந்து அடுத்த வரி 'க்கிறான்' என்று தொடங்கினால் படிப்பவர் தடுக்கி விழுவார். 'பார்க்' என்று முடித்து 'கிறான்' என்று தொடங்க வேண்டும். பைண்டிங் பக்கத்து ஓரத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் விடுங்கள். அதற்குக் குறைந்தால் உள்பக்க எழுத்துகள் மடிப்புக்குள் போய்விடும், புத்தகத்தை நெரித்துப் பிடித்துப் படிக்க வேண்டியிருக்கும்.

அட்டையை முன், முதுகு, பின் மூன்றும் சேர்ந்த ஒரே கோப்பாகக் கேட்பார்கள். முதுகின் அகலத்தை நீங்களே ஊகிக்காமல், தாளைச் சொல்லி அச்சகத்திடம் கேளுங்கள். 208 பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டரையொட்டி வரும். இரண்டு மில்லிமீட்டர் பிசகினாலே தலைப்பு முன்னட்டைக்கு வழிந்துவிடும். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் வெட்டு ஓரம், 300 டி.பி.ஐ. படம், சி.எம்.ஒய்.கே. (அச்சுக்கான நான்கு வண்ண முறை) நிறம். திரையில் பளிச்சென்று தெரியும் நீலமும் பச்சையும் அச்சில் மங்கும் என்பதால் முதலில் ஒரே ஒரு பிரதி அடித்துப் பார்க்காமல் மொத்தத்துக்கும் சம்மதம் சொல்லாதீர்கள். அந்தப் பிரதியை நடுவில் விரித்து நன்றாக அழுத்துங்கள். பசை விரிந்து தாள் கழன்றால் பைண்டிங் சரியில்லை. பக்க எண், அத்தியாய வரிசை, பின்னட்டைக் குறிப்பு, விலை நான்கையும் சரிபாருங்கள்.

ஐ.எஸ்.பி.என். இந்தியாவில் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் எழுத்தாளரே தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். இதை வாங்கித் தர ஆயிரக்கணக்கில் கேட்பவர்களுக்குக் கொடுக்காதீர்கள். எண் வரச் சில வாரம் பிடிக்கலாம் என்பதால் வடிவமைப்பு தொடங்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். இலங்கையில் இருப்பவர்களுக்கு தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை இந்த எண்ணை வழங்குகிறது. புத்தகம் வந்த 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், தில்லி பொது நூலகம் நான்குக்கும் தலா ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்பது 1954ஆம் வருடச் சட்டம். சொந்தப் பதிப்பாளர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டிலேயே பிரதி இல்லாமல் போகிற காலத்திலும் கன்னிமாராவில் ஒன்று இருக்கும் என்பதற்காகவாவது அனுப்புங்கள்.

எங்கள் தேர்வு

காத்திருக்க முடியும், விற்பனையும் கணக்கும் உங்களுக்கு ஒத்துவராது என்றால் முதலில் பதிப்பகம். வரிசை மாறக் கூடாது: பதிப்பகத்துக்கு அனுப்பிப் பார்த்த பிறகு சொந்தமாகப் போடலாம், சொந்தமாகப் போட்டு நண்பர் வட்டத்தில் விற்றுத் தீர்ந்த நூலை மறுபடி பதிப்பகம் எடுப்பது அரிது. ஆறு மாதம், இரண்டு மூன்று இடம் என்று எல்லை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பதில் வராவிட்டால் 50 பிரதி டிஜிட்டல் அச்சும் கிண்டிலும் சேர்ந்த வழிக்கு மாறிவிடுங்கள். முதல் நாவல் எழுதிய பெரும்பாலோருக்கு நாங்கள் சொல்வது இந்த இரட்டை வழியைத்தான். 50 பிரதிக்கு அச்சுச் செலவு 6,250 ரூபாய். பிழை கண்ணில் பட்டால் அடுத்த ஐம்பதில் திருத்திவிடலாம். ஆஃப்செட்டில் 500 பிரதியிலும் அந்தப் பிழை அப்படியே நிற்கும். முன்பதிவு 250ஐத் தாண்டினால் ஒழிய ஆஃப்செட் வேண்டாம். பணம் கட்டும் பதிப்பை, எல்லா உரிமையும் எல்லாக் கோப்பும் உங்களிடமே இருக்கும் என்று எழுத்தில் வந்தால் மட்டும் யோசிக்கலாம்.

ஜனவரி கண்காட்சிக்குப் புத்தகம் வேண்டுமானால் பின்னாலிருந்து எண்ணுங்கள். டிசம்பரில் அச்சகங்களில் இடமே இருக்காது, ஆகவே இறுதி பி.டி.எஃப். நவம்பர் முதல் வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். செப்டம்பர், அக்டோபர் வடிவமைப்புக்கும் அட்டைக்கும். ஆகஸ்ட் மெய்ப்புக்கு. ஜூன், ஜூலையில் நம்பகமான இரண்டு மூன்று பேர் படித்துச் சொல்ல, நீங்கள் திருத்தி எழுத. அப்படியானால் மே கடைசியில் நாவலின் கடைசி வரி எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த வருடம் முடியாவிட்டாலும் கவலை இல்லை. ஜூலை, ஆகஸ்டில் கோவை, ஈரோடு கண்காட்சிகளும், வருடம் முழுக்க மாவட்டக் கண்காட்சிகளும் நடக்கின்றன.

தனி எழுத்தாளருக்குக் கண்காட்சியில் அரங்கு கிடைப்பது கடினம். ஏற்கெனவே அரங்கு வைத்திருக்கும் பதிப்பகத்திடமோ விற்பனையாளரிடமோ 20 பிரதி கொடுத்து வைக்கலாம். கொடுக்கும்போது பிரதி எண்ணிக்கை, கழிவு சதவீதம், பணம் தரும் தேதி மூன்றையும் சலானில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கண்காட்சி முடிகிற நாளன்று மாலையே நேரில் போய், விற்காத பிரதிகளை எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். அரங்கைப் பிரித்துப் பெட்டி கட்டி குடோனுக்கு ஏற்றிவிட்டால், உங்கள் புத்தகம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேடித் தர அவர்களுக்கு ஆளும் இருக்காது, நேரமும் இருக்காது.